பச்சை, மஞ்சள், சிவப்பு: மென்பொருள் வேலை பற்றி வாசகர் கேள்விகள்

மென்பொருள் நிறுவனங்களில் டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜராக நீண்ட காலம் வேலை பார்த்து, இந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். சென்னையில் ஆரம்பித்து, சில வருடங்கள் அமெரிக்காவின் சியாட்டிலில், பிறகு பெங்களூரு, கடைசியில் மறுபடி சென்னை ஓ.எம்.ஆர். இந்த வேலையைப் பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று ஆசிரியர் அறிவித்திருந்தார். நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

● என் மகள் பெங்களூரில் டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர். கோட் எழுதுவதில்லை என்கிறாள். அவளுக்குக் கீழே ஆட்களும் இல்லையாம். நாள் முழுக்கப் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?
— ஒரு தந்தை, விருதுநகர்

ஐயா, ஒரு உதாரணம் சொல்கிறேன். பணம் அனுப்பும் ஆப் ஒன்றில், வாடிக்கையாளர் தன் மொபைல் நம்பரை மாற்றிக்கொள்ள வசதி செய்ய வேண்டும். கேட்டால் ஒரு வாரத்து வேலை மாதிரி இருக்கும். ஆனால் லாகின் ஒரு டீம், பணப் பரிமாற்றம் ஒரு டீம், எஸ்.எம்.எஸ். அனுப்புவது ஒரு டீம், மோசடியைக் கண்காணிப்பது இன்னொரு டீம். ஆண்ட்ராய்டு தனி, ஐபோன் தனி. அப்புறம் வாடிக்கையாளர் சேவை, சட்டப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் சொந்த மேனேஜர், சொந்த வேலைப் பட்டியல்.

எல்லோரும் தங்கள் பங்கைச் சரியாகவே செய்வார்கள். ஆனால் ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போக வேண்டுமா, புது நம்பருக்கா? பழைய சிம் தொலைந்துபோனதால்தானே பலர் நம்பரையே மாற்றுகிறார்கள்? அந்தப் பழைய நம்பரைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்து, அவரும் இதே ஆப்பில் சேர வந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகள் எந்த டீமின் பட்டியலிலும் இருக்காது. இவற்றை ஆரம்பத்திலேயே கேட்டு, முடிவெடுக்க வேண்டிய ஆளைப் பிடித்து, முடிவை எழுத்தில் வாங்கி, ரிலீஸ் ஆகும் வரை விடாமல் பின்தொடர்வது உங்கள் மகளின் வேலை. கீழே ஆட்கள் இல்லாமல் இதைச் செய்வதுதான் கஷ்டம். யாரையும் அதட்டி வேலை வாங்க முடியாது.

இது புதிய பதவியும் இல்லை. 1980களில் மேக் கணினிக்கு எக்ஸெல் உருவானபோது ஜேப் புளூமென்தால் இந்தப் பொறுப்பைப் பார்த்தார். மைக்ரோசாப்ட்டின் முதல் புரோகிராம் மேனேஜர் என்று அவரைத்தான் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால், "பத்து டீம் சேர்ந்து செய்யும் வேலையை முடித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறாள்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

● மூன்று வருடமாக டெவலப்பர். கோடிங் அலுத்துவிட்டது. புரோகிராம் மேனேஜர் ஆகிவிடலாமா?
— ஒரு வாசகர், கோவை

அலுப்புக்காக மாறாதீர்கள், தம்பி. இந்த வேலையிலும் அலுப்பு உண்டு, அது வேறு வகை. நீங்கள் எழுதிய கோட் ஒன்று நடுராத்திரியில் விழுந்து, அதை நீங்களே எழுப்பி நிறுத்திய அனுபவம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இருங்கள். பின்னால் டெவலப்பர்கள் உங்களிடம் உண்மையைச் சொல்வது அந்த அனுபவத்தால்தான்.

நான் 1990களின் கடைசியில் சென்னையில் ஒய்2கே வேலையில் சேர்ந்தேன். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் அதை 1900 என்று குழப்பிக்கொள்ளாமல் பார்க்கும் வேலை அது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய புரோகிராம்களில், வருடத்தை இரண்டு இலக்கமாக எழுதியிருந்த இடங்களைத் தேடித் திருத்த வேண்டும். எல்லோருடைய கவனமும் ஜனவரி 1 மேல்தான். எங்கள் டீம் லீடர் ஒரு நாள் கேட்டார்: "ஜனவரி ஒண்ணு சரி, பிப்ரவரி இருபத்தொன்பது?" நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு இல்லை என்ற விதியை மட்டும் வைத்து எழுதிய கோட் இருந்தது. நானூறால் வகுபட்டால் அது லீப் ஆண்டுதான் என்ற அடுத்த விதி அதில் இல்லை. 2000 நானூறால் வகுபடும். முடித்தாயிற்று என்று மூடி வைத்த புரோகிராம்களை மறுபடி திறந்தோம். அப்படிக் கேட்கும் ஆளாக நானும் ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இந்தக் கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாப்ட்டின் அஸூர் கிளவுட் சேவை மணிக்கணக்கில் தடைபட்டது. ஒரு வருடம் செல்லும் டிஜிட்டல் சான்றிதழை (கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவுவது) உண்டாக்கும் கோட், வருடத்தில் மட்டும் ஒன்றைக் கூட்டி, முடிவுத் தேதியை 2013 பிப்ரவரி 29 என்று போட்டிருந்தது. அப்படி ஒரு நாளே கிடையாது.

கோட் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவர் "டேட்டாபேஸ் மைக்ரேஷன் முடிஞ்சுது", அதாவது தகவலையெல்லாம் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு மாற்றியாயிற்று என்றால், "பழைய டேபிளில் இன்னும் யாராவது எழுதிக்கொண்டிருக்கிறார்களா?" என்று கேட்கும் அளவுக்கு உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

● பி.எம்.பி. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொபஷனல்) சான்றிதழ் வாங்கினால் உதவுமா?
— ஒரு வாசகி, மதுரை

மற்ற கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து தரும் சர்வீஸ் நிறுவனங்களில் பயோடேட்டாவை மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சொந்த மென்பொருளை விற்கும் புராடக்ட் நிறுவனங்களில் பெரும்பாலும் கேட்பதில்லை. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்தவர் அறிக்கைக்குக் காத்திருக்காமல் தகவலை நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

● எங்கள் புராஜெக்டில் ஸ்டேட்டஸ் எப்போதும் பச்சை. கடைசி வாரத்தில் திடீரென்று சிவப்பாகிறது. எல்லோரும் நல்லவர்கள்தான். ஏன் இப்படி நடக்கிறது?
— பெயர் வேண்டாம், ஓசூர்

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். என் வேலைக் காலம் முழுக்க நான் மல்லுக்கட்டியது இதனோடுதான்.

நல்லவர்கள் ஏன் பச்சை, அதாவது "எல்லாம் திட்டப்படி போகிறது" என்று போடுகிறார்கள்? சிவப்பு போட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பெரிய அதிகாரி வருவார், தினம் இரண்டு மீட்டிங் வைப்பார், ஆறு ஸ்லைடு கேட்பார். வேலை செய்ய இருந்த நேரமும் போய்விடும். "அடுத்த வாரத்துக்குள் சரிசெய்துவிடலாம்" என்று நம்பித்தான் பச்சை போடுகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்யில்லை. ஆனால் அதில் பன்னிரண்டு வாரம் ஓடிவிடும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டமான ஜி.டி.பி.ஆர். 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, மற்றபடி வாடிக்கையாளர் கேட்டால் அவருடைய தகவல்களை அழிக்க வேண்டும். நான் இருந்த நிறுவனத்தில் அதற்கான புரோகிராம் என் கையில் இருந்தது. ஸ்டேட்டஸ் அறிக்கையில் பேக்கப் (தகவல்களின் பாதுகாப்பு நகல்) டீமின் வரி வாராவாரம் பச்சை. ஜனவரியில் ஒரு நாள் அந்த டீமின் இடத்துக்கே போய், புதிதாகச் சேர்ந்திருந்த பையனிடம், "ஒரே ஒருத்தரோட தகவலை பேக்கப்பிலிருந்து அழிச்சுக் காட்டுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், அது முடியாது. பேக்கப் எழுதினா எழுதினதுதான். நடுவுல ஒருத்தரை மட்டும் எடுக்க வழியில்லை" என்றான். தன் மேனேஜரிடம் முன்பே சொல்லியிருக்கிறான். அவர் "பார்த்துக்கலாம்" என்று விட்டிருக்கிறார்.

அன்று மாலையே அந்த வரியைச் சிவப்பாக்கினேன். அதற்கு முன் அந்த மேனேஜரை நேரில் பார்த்து, சிவப்பு போடப்போகிறேன், இன்ன காரணம், இன்ன உதவி கேட்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மீட்டிங்கில் நாலு பேர் முன்னால் முதல்முறையாகக் கேட்டு ஒருவர் அதிரும்படி எப்போதும் செய்யக் கூடாது. பையனின் பெயரை எங்கும் எழுதவில்லை. மேலதிகாரிகளிடம், "இது இப்போது தெரிந்தது நம் அதிர்ஷ்டம், நாலு மாதம் இருக்கிறது" என்றுதான் ஆரம்பித்தேன்.

அந்த நாலு மாதத்தில் என்ன செய்தோம் தெரியுமா? ஒவ்வொரு வாடிக்கையாளரின் தகவலையும் தனித்தனி என்கிரிப்ஷன் சாவியால் பூட்டி பேக்கப் எடுக்க ஆரம்பித்தோம். ஒருவர் அழிக்கச் சொன்னால் அவருடைய சாவியை அழித்தால் போதும். பேக்கப்பில் அவருடைய தகவல் கிடந்தாலும் யாராலும் படிக்க முடியாது. பழைய பேக்கப்புகள் எந்தத் தேதியில் காலாவதியாகும் என்று பட்டியல் போட்டு, சட்டப் பிரிவின் ஒப்புதலை எழுத்தில் வாங்கினோம். இதே விஷயம் மே மாதம் தெரிய வந்திருந்தால் ஒருவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது: "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்குத் தொண்ணூறு என்றுதான் பதில் வரும், மாதக்கணக்கில் தொண்ணூறாகவே இருக்கும். "நேற்று வரை எது ஓடுகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்பதையும் டீமோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். எங்களிடம் மஞ்சள் என்றால் "சிக்கல் இருக்கிறது, எங்களிடமே வழியும் இருக்கிறது". சிவப்பு என்றால் "எங்கள் கையை மீறியது, இன்னாரிடமிருந்து இந்த உதவி வேண்டும்". சிவப்புக்குப் பக்கத்தில் உதவி செய்ய வேண்டியவரின் பெயர் இல்லாமல் நான் அறிக்கை அனுப்பியதில்லை.

முதல் சிவப்பு வரும் நாளில் உங்கள் மேலதிகாரி அந்த ஆளிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை டீம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதும் உங்கள் வேலைதான்.

● தேதியை மாற்ற முடியாது, வேண்டுமானால் இன்னும் பத்து பேர் தருகிறேன் என்கிறார் மேலாளர். வாங்கிக்கொள்ளலாமா?
— ஒரு டீம் லீடர், சென்னை

வேலை ஏற்கெனவே பின்தங்கியிருந்தால் வேண்டாம். 1960களில் ஐ.பி.எம்.மின் ஓ.எஸ். 360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று எழுதி வைத்திருக்கிறார். ஐந்து பேர் டீமில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 10. பதினைந்து பேர் ஆனால் 105. அத்தோடு புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? ஏற்கெனவே மூச்சு முட்டி நிற்கும் உங்கள் மூத்த டெவலப்பர்கள்தான்.

முதலில் அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. பில்லிங் மென்பொருள் வைத்திருந்த எவருக்கும் அது மாற்ற முடியாத தேதி. ஆனால் என் அனுபவத்தில் பாதித் தேதிகள், யாரோ ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னவை. அப்படியென்றால் சொன்னவரிடமே போய்ப் பேசலாம்.

தேதி உண்மையானது என்றால், அந்த நாளில் எது கட்டாயம் ஓட வேண்டும் என்று பிரித்து மற்றதைத் தள்ளி வையுங்கள். மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்கான அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.காவ் இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாள் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறே பேர். ஏராளமான ஒப்பந்த நிறுவனங்கள் வேலை செய்தன. எல்லாவற்றையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதில் தெளிவில்லை. முழுவதையும் சேர்த்துச் சோதிக்கப் போதிய நேரமும் ஒதுக்கவில்லை. ஆள் பற்றாக்குறை அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. உங்கள் மேலாளர் நிஜமாகவே உதவ நினைத்தால், பத்து பேருக்குப் பதிலாக இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, தள்ளி வைக்கும் பட்டியலில் அவருடைய கையெழுத்து. இரண்டு, அடுத்த ஆறு வாரம் உங்கள் டீமை வேறு எதற்கும் இழுக்க மாட்டேன் என்ற வாக்குறுதி.

● ரிலீஸ் செக்லிஸ்ட் போட்டால் சீனியர்கள் "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்கிறார்கள்.
— ஒரு வாசகி, ஹைதராபாத்

தெரியும் என்பது உண்மைதான். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிட்டலில் இருந்தவர்களுக்கும் எல்லாம் தெரியும். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய கோட் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. அந்த ஒன்றில் இருந்த பழைய கோட் விழித்துக்கொண்டு வரிசையாக ஆர்டர் போட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலர் அளவுக்கு நஷ்டம். நிறுவனம் அதற்குப் பிறகு தனித்து நிற்க முடியாமல் இன்னொன்றோடு இணைந்தது. இரண்டாவது ஒருவர் எட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

செக்லிஸ்டை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். சீனியர்களிடம், "போன தடவை எது விட்டுப்போனது?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதையே எழுதுங்கள். அப்போது அது அவர்களுடைய லிஸ்ட்.

● அமெரிக்க டீமோடு இரவில் போன் கால்கள். குழந்தை தூங்கும் நேரத்தில் நான் ஹெட்போனோடு இருக்கிறேன். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
— ஓர் இளம் தாய், பெருங்குடி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பழைய நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன, மா. என் மகள் சின்னவளாக இருந்தபோது நவம்பர் மாதம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சியாட்டிலில் காலை 8 மணி மீட்டிங் கோடையில் நமக்கு இரவு 8.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததும் அதே மீட்டிங் 9.30 ஆகிவிடும். அங்கே யாருக்கும் எதுவும் மாறவில்லை, அதனால் அவர்களுக்கு இது தெரியவே தெரியாது. சொன்னால்தான் தெரியும். நான் சொன்னேன். நவம்பர் முதல் மார்ச் வரை மீட்டிங்கை அவர்களுடைய காலை 7 மணிக்கு மாற்றச் செய்தேன். கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். கொஞ்சம் முனகினார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், செவ்வாயும் வியாழனும் தவிர மற்ற இரவுகளில் கால் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு விலை உண்டு: மீட்டிங்கில் பேச வேண்டியதை முந்தின நாளே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும். எழுதினால் பாதி மீட்டிங் தேவைப்படாமலே போகும். அவர்களும் தங்கள் பகலில் படித்துப் பதில் போட்டுவிடுவார்கள். எட்டு மணிக்குக் குழந்தைக்குக் கதை சொல்லுங்கள். எந்தக் கம்பெனியும் அதனால் மூழ்கிவிடாது.

● மீட்டிங்கில் நான் சொல்வதை யாரும் கவனிப்பதில்லை. அதையே ஒரு ஆண் சொன்னால் தலையாட்டுகிறார்கள்.
— ஒரு வாசகி, திருநெல்வேலி

எனக்கும் நடந்திருக்கிறது, கோபமும் வந்திருக்கிறது. முடிவுகளை எழுதி அனுப்பும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, யோசனை யாருடையது என்பதைப் பெயரோடு எழுதுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து. இன்னொரு பெண்ணின் யோசனை காணாமல் போகும்போது, "இதைத்தான் அவங்க பத்து நிமிஷம் முன்னாடி சொன்னாங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். எனக்கு அப்படிச் சொன்ன ஒரு அக்காவை இன்றுவரை மறக்கவில்லை.

● லே-ஆஃப் வந்தால் புரோகிராம் மேனேஜர்களைத்தான் முதலில் அனுப்புகிறார்கள். இப்போது ஏ.ஐ. மீட்டிங் குறிப்பும் ஸ்டேட்டஸும் எழுதுகிறது. இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா?
— பெயர் வேண்டாம், பெங்களூரு

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி, அஜைல் (மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்யும் முறை) பணிப் பிரிவில் 1,100க்கும் மேற்பட்ட பதவிகளை நீக்கியது. டிக்கெட்டை (வேலைக்கான பதிவை) நகர்த்துவது, குறிப்பு எடுப்பது, நினைவூட்டல் அனுப்புவது மட்டுமே வேலையாக இருந்தால் அது போகும். போவதைப் பிடித்துவைக்க முயலாதீர்கள்.

ஆனால் 2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் (நடப்பதையெல்லாம் லாக்காக, அதாவது குறிப்பாகப் பதிய பல மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த கோட்) பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பது வாரக் கடைசியில் வெளியே வந்தது. லாக்கில் பதிவாகும்படி ஒரு வரியை அனுப்பினாலே வெளியாள் நம் சர்வரில் தன் புரோகிராமை ஓட்டிவிடலாம். எங்கெல்லாம் அது இருக்கிறது என்று கருவிகள் பட்டியல் தந்தன. விலைக்கு வாங்கிய மென்பொருளின் வயிற்றுக்குள் இருப்பதைப் பல கருவிகள் காட்டவில்லை. அதற்கு விற்றவரைப் போனில் பிடிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் திருத்திய 2.15 பதிப்புக்கு மாற்றி முடிக்கும்போது அது போதாது என்று 2.16 வந்தது, சில நாளில் 2.17. ராத்திரியெல்லாம் விழித்தவர்களிடம் மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். யாரை வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்வது, எந்த சர்வரைத் துணிந்து நிறுத்தி வைப்பது, வாடிக்கையாளரிடம் எவ்வளவு சொல்வது என்று ஒரு மனிதர் பொறுப்பேற்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு உங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் சிஸ்டத்தின் உள்ளே எது எதை நம்பியிருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்ல முடிகிறதா? இன்றைக்கே அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

● நீங்கள் பெருமைப்படும் வேலை எது?
— ஒரு மாணவர், திருச்சி

2015 டிசம்பர் வெள்ளம். சென்னையில் எங்கள் சப்போர்ட் டீமில் பலர் வீடுகளில் கரண்ட் இல்லை, மொபைல் சிக்னலும் இல்லை. அதற்கு ஆறேழு மாதம் முன்பு, சர்வர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு படியாக எழுதி, ஹைதராபாத் டீம் அதை வைத்துத் தனியாகச் செய்து பார்க்கும்படி ஒத்திகை நடத்தியிருந்தேன். அப்போது தேவையில்லாத வேலை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. வெள்ளம் வந்த இரவில் முழுப் பொறுப்பையும் ஹைதராபாத் எடுத்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் தங்கள் அப்பா அம்மாவை மாடிக்கு ஏற்றுவதில் இருந்தார்கள். ஒருவரையும் நான் வேலைக்காகத் தேட வேண்டியிருக்கவில்லை. அதுதான், தம்பி.

● அடுத்த வாரம் புரோகிராம் மேனேஜராகச் சேர்கிறேன். முதல் மாதம் என்ன செய்வது?
— ஒரு வாசகர், சேலம்

வாழ்த்துகள். புது மீட்டிங் எதையும் ஆரம்பிக்காதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் சிஸ்டம் விழுந்தபோது எழுதிய அறிக்கைகளை எல்லாம் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தெந்த டீமுக்கு இடையில் விஷயம் விட்டுப்போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு டீமிலும் ஒருவரோடு டீ குடித்துக்கொண்டே ஒரே கேள்வி: "நீங்கள் இப்போது யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?" பதில்களை ஒரே தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். நிறைய அம்பு வந்து குத்தும் டீம் ஒன்று இருக்கும். அநேகமாக அது சோம்பேறி டீம் இல்லை, ஆள் குறைவான டீம். தாளை உங்கள் மேலாளரிடம் காட்டும் முன்பே அந்த டீமிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். அவர்களுக்கு என்ன உதவி வேண்டும் என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்டு, தாளின் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.